கற்பதை ஏன் மறைக்க வேண்டும்? ஐ.டி. ஆபரேஷன்ஸ் பணியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு

ஐ.டி.யில் வேலை என்றாலே புரோகிராம் எழுதுவது என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறார்கள். நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் பார்ப்பது வேறு வேலை. அதற்கு ஆபரேஷன்ஸ் என்று பெயர். எழுதி முடித்த மென்பொருள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்க ஆள் வேண்டும். சர்வர் நின்றுவிட்டதா, டிஸ்க் நிரம்பிவிட்டதா, நேற்றிரவு பேக்கப் ஒழுங்காக முடிந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவு 2 மணிக்கு நாம் கைப்பேசியில் பணம் அனுப்பினால் அது போய்ச் சேர்கிறது என்றால், எங்கோ ஒரு பிள்ளை தூங்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். ஷிப்ட் முடிந்து பஜ்ர் தொழுதுவிட்டுத்தான் அவன் படுக்கப் போகிறான்.

கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் இருந்து இதை எழுதுகிறோம். மலையேறி வரும் இளைஞர்களிடம் பேசும்போது இந்த வேலையில் இருப்பவர்கள் ஒரே கவலையைத்தான் சொல்கிறார்கள். டிக்கெட் வருகிறது, எழுதி வைத்திருக்கும் வழிமுறைப்படி செய்கிறோம், டிக்கெட்டை மூடுகிறோம். மறுநாளும் அதே டிக்கெட். ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் முதல் வருடம் தெரிந்ததுதான் இன்றும் தெரிகிறது. அதற்குள் அந்த வேலையைச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் வந்துவிடுகிறது, அல்லது செயற்கை நுண்ணறிவு வந்துவிடுகிறது.

"புதிதாகக் கற்றுக்கொள்ளலாமே" என்றால், "படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் ஹஜ்ரத், யாரிடமும் சொல்லவில்லை" என்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றன. தெரியாது என்பது தெரிந்துவிட்டால் மரியாதை போய்விடும். தெரிந்ததைச் சொன்னால் பெருமையடிக்கிறான் என்பார்கள். பக்கத்தில் இருப்பவனும் கற்றுக்கொண்டால் நமக்குப் போட்டியாகிவிடுவான்.

இந்த மூன்று அச்சங்களையும் மார்க்கத்தின் வெளிச்சத்திலும் தொழிலின் வெளிச்சத்திலும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளிப்படையாகக் கற்பது என்றால் என்ன?

முழுதாகத் தேர்ச்சி பெற்ற பிறகு மேடையேறுவதை நாம் சொல்லவில்லை. கற்றுக்கொண்டிருக்கும்போதே குறிப்புகளையும், எழுதிய சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகளையும், செய்த தவறுகளையும் மற்றவர் பார்த்துத் திருத்தும் இடத்தில் வைப்பதைச் சொல்கிறோம். அந்த இடம் நம் குழுவின் பொதுக் குறிப்பேடாக இருக்கலாம், கிட்ஹப் போன்ற பொதுத் தளமாகவும் இருக்கலாம்.

இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களை இயக்கும் லினக்ஸ் இப்படித்தான் வளர்ந்தது. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், என்ன வசதிகள் வேண்டும் என்று சொல்லுங்கள் என்றும் இணையத்தில் ஒரு குழுவிடம் கேட்டார். அப்போது அது முடிந்த பொருள் அல்ல. குறைகளோடு வெளியில் வைத்தார். பிறர் திருத்தினார்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பதைப் பதிவு செய்ய அவரே 2005-ல் உருவாக்கிய கருவிதான் கிட். இன்று ஆபரேஷன்ஸ் வேலைக்கு வரும் எவரும் முதலில் கற்க வேண்டிய கருவிகளில் அதுவும் ஒன்று.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இந்தச் செய்தியை யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற இஸ்னாத் தொடரை நம் முன்னோர்கள் பேணியது, எந்தக் கண்ணியில் பழுது என்று பின்னால் வருபவர் சோதிக்க வேண்டும் என்பதற்காகத்தான். சோதனைக்குத் திறந்து வைக்கப்பட்ட அறிவுக்கே நம்பகத்தன்மை கிடைத்தது.

மதரஸாவில் நாங்கள் கண்ட தக்ரார்

நாங்கள் மதரஸாவில் ஓதிய காலத்தில் உஸ்தாத் பாடம் நடத்தி முடித்ததோடு பாடம் முடியாது. இஷாவுக்குப் பிறகு நான்கைந்து பேராக வட்டமாக உட்கார்வோம். ஒருவர் உஸ்தாதின் இடத்தில் இருந்து அன்றைய பாடத்தை மறுபடி நடத்த வேண்டும். இதற்குத் தக்ரார் என்று பெயர். நடத்துபவர் தடுமாறுவார். பக்கத்தில் இருப்பவர் இலக்கணத்தில் பிடிப்பார். "இந்த ளமீர் யாரைக் குறிக்கிறது?" என்று ஒருவர் கேட்டால், வகுப்பில் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிய நமக்குப் புரியவே இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

பாடம் மனத்தில் தங்கியதற்குக் காரணம் அந்த வெட்கம்தான். தனியாகக் கிதாபை விரித்துப் படித்தவர்களைவிட, தக்ராரில் தவறி விழுந்து எழுந்தவர்களே பிற்காலத்தில் நன்றாகப் பாடம் நடத்தினார்கள்.

தெரியாது என்று சொல்வதும் நம் மரபில் இழிவல்ல. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைதூரத்திலிருந்து கேள்விகளோடு வந்தவர்களுக்கு, அவற்றில் பலவற்றுக்கு "எனக்குத் தெரியாது" என்றே பதில் சொல்லி அனுப்பினார்கள் என்பது ஆலிம்கள் எல்லோரும் அறிந்த செய்தி. மதீனாவின் இமாமுக்கு அதனால் மரியாதை குறையவில்லை. சர்வர் அறையில் இருக்கும் நமக்கு எப்படிக் குறையும்? தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்து, ஓடிக்கொண்டிருந்த சேவையை நிறுத்திவிட்டால்தான் மரியாதை போகும்.

தமிழில் நம் கண் முன்னே ஓர் உதாரணம்

இது மேலை நாட்டவருக்கு மட்டும் சாத்தியம் என்று எண்ண வேண்டாம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவினர் கட்டணமின்றிக் கூடி, கற்றதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அந்தச் சூழலில் இருந்து வந்த த. சீனிவாசன் முதலானோர் 2012-ல் 'கணியம்' என்ற மின்னிதழைத் தொடங்கினார்கள். லினக்ஸ், தரவுத்தளம், நிரலாக்கம் என்று எல்லாவற்றையும் எளிய தமிழில் எழுதி, யாரும் படிக்கலாம், பகிரலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். து. நித்யா அவர்கள் 'எளிய தமிழில்' என்ற தலைப்பில் மைஎஸ்க்யூஎல் தொடங்கி மெஷின் லேர்னிங் வரை எழுதியவை மின்னூல்களாகவே கிடைக்கின்றன. இவர்கள் முழுநேர எழுத்தாளர்கள் அல்லர். ஐ.டி. துறையில் இருந்துகொண்டே, கற்றதை எழுதியவர்கள்.

நம் சமுதாயத்துக்கும் இந்த வழி அந்நியமானதல்ல. அரபு மொழி தெரியாத பாமர மக்களும் வீட்டில் இருக்கும் பெண்களும் மார்க்கச் சட்டங்களை அறிய வேண்டும் என்று, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் நம் ஆலிம்கள் நூல்கள் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் இப்பணியில் முன்னணியில் நின்றார்கள். தாங்கள் கற்றதைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல், மக்களுக்குப் புரியும் மொழியில் இறக்கி வைத்தார்கள். இன்று ஒரு சர்வர் பிரச்சினையைத் தமிழில் விளக்கி எழுதும் பிள்ளையும் அந்த வழியில் ஓர் அடி நடக்கிறான்.

திருமணத்துக்குப் பிறகு ஐ.டி. வேலையை விட்டுவிட்ட நம் சகோதரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று நான்கு வருட இடைவெளிக்குப் பின் வேலை தேடும்போது, "இந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வீட்டில் இருந்தபடி கற்றதற்கு நாள் தேதியோடு ஒரு பொதுப் பதிவு இருந்தால் அதுவே பதிலாகிவிடும்.

தவறையும் திறந்து வைத்தவர்கள்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு சம்பவம் நடந்தது. இரவு நேரத்தில் தரவுத்தளக் கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், இரண்டாம் நிலை சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுகளை அழிக்கத் தொடங்கிவிட்டார். சில நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். பேக்கப்பைத் தேடினால், எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பேக்கப் எடுக்கப்படவே இல்லை. அது தோல்வியடைகிறது என்று எச்சரிக்கும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தற்செயலாக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த பிரதியில் இருந்துதான் மீட்க முடிந்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவுகள் போய்விட்டன.

அந்த நிறுவனம் இதை மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூப்பில் நேரலையாகக் காட்டியது. என்ன நடந்தது, எந்தப் பாதுகாப்பு ஏன் வேலை செய்யவில்லை என்று விரிவான அறிக்கை வெளியிட்டது. ஒரு தனி மனிதரைக் குற்றவாளியாக நிறுத்தாமல், அப்படித் தவற இடம் கொடுத்த ஏற்பாடுகளைத் திருத்தியது. அந்த அறிக்கையைப் படித்த எத்தனையோ பேர் தங்கள் பேக்கப் உண்மையிலேயே மீள்கிறதா என்று சோதித்திருப்பார்கள். பேக்கப் எடுப்பது பாதி வேலை, அதிலிருந்து மீட்டுப் பார்ப்பதுதான் மீதி என்ற பாடத்தை ஒருவர் தவறு இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தது. மறைத்திருந்தால் அந்தப் பாடம் அந்த அறையோடு போயிருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலாவது, எழுதுங்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது என்றும் அது கட்டளையிடுகிறது. நினைவை நம்பாமல் எழுத்தை நம்பச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஒரு டிக்கெட்டை மூடியதும் நான்கு வரி எழுதுங்கள்: என்ன கண்டேன், என்ன என்று நினைத்தேன், உண்மையில் என்னவாக இருந்தது, சரியானதை எப்படி உறுதி செய்தேன். இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையில் இருக்கும் வேறுபாடுதான் நீங்கள் அன்று கற்றது.

இரண்டாவது, மாதம் ஒரு வேலையைக் கையில் இருந்து கணினிக்கு மாற்றுங்கள். டிஸ்க் நிரம்பும் டிக்கெட் அடிக்கடி வருகிறதா? எந்தக் கோப்புகள் இடத்தை அடைக்கின்றன என்று பட்டியல் போட்டுச் சொல்லும் சிறு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். தொடக்கத்தில் எதையும் அழிக்கும் கட்டளை அதில் இருக்க வேண்டாம், பட்டியல் மட்டும் போதும். அதே வேலையைப் பல சர்வர்களில் ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய நிலை வரும்போது, 2012-ல் வந்த ஆன்சிபிள் போன்ற கருவிகள் ஏன் தோன்றின என்பது தானாகவே புரியும். டாக்கர், குபர்நெட்டீஸ் என்று அடுத்தடுத்த படிகளும் அப்படித்தான். தேவை முன்னால் வந்து கருவி பின்னால் வந்தால் கல்வி நிலைக்கும்.

மூன்றாவது, உடைத்துப் பார்க்க உங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும். நிறுவனத்தின் சர்வரில் பழகக் கூடாது. வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவி, விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு கணினிகளை உருவாக்கினால் போதும். அதில் பேக்கப் எடுங்கள், வேண்டுமென்றே அழியுங்கள், மீட்டுப் பாருங்கள். கிளவுடில் பழகுபவர்கள் முதல் வேலையாகச் செலவு எச்சரிக்கையை அமைத்துக்கொள்ளுங்கள். அணைக்க மறந்த ஒரு சர்வர் மாதக் கடைசியில் கட்டணமாக வந்து நிற்கும்.

நான்காவது, மொழி தடையாக இருக்க வேண்டாம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் உள்ளிட்ட பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிறு சிறு வீடியோக்கள். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் பார்க்கலாம். மலையில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஐந்தாவது, முதலில் பக்கத்து நாற்காலிக்குச் சொல்லுங்கள். வெளிப்படை என்றால் எடுத்த எடுப்பில் உலகம் முழுவதற்கும் அறிவிப்பது என்று பொருளில்லை. வாரம் ஒருமுறை, ஷிப்ட் மாறும் நேரத்தில், 15 நிமிடம் குழுவிடம் கற்றதை விளக்குங்கள். அதுதான் உங்கள் தக்ரார்.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழுகையையும் தூக்கத்தையும் பறித்துக்கொண்டு படிக்காதீர்கள். உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு. தினம் அரை மணி நேரம் விடாமல் செய்தால் போதும். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு.

மூன்று வரம்புகள்

ஒன்று, அமானிதம். நிறுவனத்தின் கடவுச்சொல், ஐ.பி. முகவரி, வாடிக்கையாளர் பெயர், திரையின் படம் எதுவும் உங்கள் பொதுக் குறிப்பில் வரக் கூடாது. அலுவலக நேரத்தில் எழுதிய ஸ்கிரிப்ட் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. பணி ஒப்பந்தத்தைப் படித்து, மேலாளரிடம் கேட்டு, தேவையானால் வீட்டில் உங்கள் கணினியில் வேறு உதாரணத்தோடு புதிதாக எழுதி வெளியிடுங்கள். தவறிப்போய் ஒரு கடவுச்சொல்லைக் கிட்டில் பதிந்துவிட்டால், அடுத்த பதிவில் அழித்தால் போதாது. பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். உடனே மேலிடத்தில் சொல்லி அந்தக் கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும்.

நிறுவனம் நம்மைச் சரியாக நடத்தவில்லை என்ற கோபம் இதற்கு விதிவிலக்காகாது. தன்னை ஊரைவிட்டே துரத்திய மக்காவாசிகளின் அமானிதப் பொருள்களையும் உரியவரிடம் ஒப்படைப்பதற்காக, ஹிஜ்ரத்தின்போது அலீ (ரலி) அவர்களைப் பின்னால் விட்டுச்சென்ற அல்அமீன் (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

இரண்டு, முகஸ்துதி. பெருமையடிப்பதாகச் சொல்வார்கள் என்ற அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது. பிறர் மெச்சுவதற்காகச் செய்வதை நபி (ஸல்) அவர்கள் சிறிய ஷிர்க் என்று எச்சரித்திருக்கிறார்கள். அதே நேரத்தில், தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைவாகக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்ற கருத்தை அல்பகராவின் 271-வது வசனத்தில் காண்கிறோம். ஆகவே வெளிப்படை என்பதே குற்றமாகாது. நிய்யத்தைத்தான் பார்க்க வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒருவர் உங்கள் குறிப்பில் பிழை காட்டினால் மனம் மகிழ்கிறதா, கொதிக்கிறதா? மகிழ்ந்தால் கற்பதற்காக எழுதினீர்கள். கொதித்தால் நிய்யத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அதற்காக எழுதுவதை நிறுத்திவிட வேண்டாம்.

மூன்று, உண்மை. மற்றவர் எழுதியதை எடுத்தாண்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுத்ததைப் புரியாமல் நம் பெயரில் போடுவது, தக்ராரில் பக்கத்து மாணவன் நோட்டைப் பார்த்துப் படிப்பதற்குச் சமம். நேர்காணலில் முதல் குறுக்குக் கேள்வியிலேயே வெளுத்துவிடும். பழகிப் பார்த்ததைப் பழகிப் பார்த்தேன் என்றும், பணியில் செய்ததைப் பணியில் செய்தேன் என்றும் பிரித்து எழுதுங்கள்.

போட்டி வந்துவிடுமே?

கடைசி அச்சம் இது. இதற்கு நாம் இருக்கும் மலையே பதில் சொல்கிறது. கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு எனச் சிறுதானியங்களில் பல நாட்டு வகைகள் உண்டு. மரவள்ளி போன்ற பணப்பயிர்கள் பரவியபோது அந்த விதைகள் குறையத் தொடங்கின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைவாழ் மக்களோடு சேர்ந்து இங்கே சமுதாய விதை வங்கிகளை அமைத்தது. ஒரு வீட்டுக் குதிரில் மட்டும் இருக்கும் விதை, ஒரு வருடம் பூச்சி விழுந்தால் முடிந்தது. பல வீடுகளுக்குப் போன விதை ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் முளைக்கும். விதை கொடுத்தவன் ஏழையாகிப் போனதாக இம்மலையில் யாரும் சொல்லவில்லை.

உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வேலை உங்களைப் பாதுகாப்பதாகத் தோன்றும். உண்மையில் அது உங்களைக் கட்டிப்போடுகிறது. விடுப்பு எடுக்க முடியாது, பெருநாளன்றும் போன் வரும், அடுத்த பொறுப்புக்கு உங்களை உயர்த்தவும் தயங்குவார்கள். அதை இருவருக்குக் கற்றுக்கொடுத்தவனுக்குத்தான் அடுத்த படி ஏறக் கை காலியாக இருக்கும். ரிஸ்க்கின் பொறுப்பு அல்லாஹ்விடம். பக்கத்து நாற்காலிக்காரர் கற்றுக்கொண்டதால் நமக்கு எழுதப்பட்டது குறையாது.

கேட்டும் சொல்லாமல் கல்வியை மறைப்பவரைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை ஹதீஸில் வந்திருக்கிறது. அது முதலாவதாக மார்க்கக் கல்வியைக் குறிக்கிறது என்று உலமாக்கள் விளக்குவார்கள். ஆனாலும் பயனுள்ள எந்த அறிவிலும் கஞ்சத்தனம் முஃமினுக்கு அழகல்ல. இறந்த பிறகும் நன்மை வந்துகொண்டிருக்கும் மூன்றில் பயன்தரும் கல்வியும் ஒன்று என்பதை நாம் ஜும்ஆக்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒரு நள்ளிரவில், சர்வர் நின்றுபோய்க் கை நடுங்கிக்கொண்டிருக்கும் முகம் தெரியாத ஒரு புதிய பிள்ளைக்கு நீங்கள் எழுதி வைத்த நான்கு வரி வழிகாட்டினால், அதுவும் அந்தக் கணக்கில் சேரும் என்று ஆதரவு வைப்போம்.

இன்றைய ஷிப்டில் மூடும் முதல் டிக்கெட்டில் இருந்தே தொடங்குங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் ஹலாலான சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக. கற்றதை மறைக்காத, அமானிதத்தை மீறாத, பெருமைக்கு ஆளாகாத உள்ளங்களை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.